முன் ஆசன எயார்பேக் சென்சர் ரீகோல்: கொழும்பு முகவர் நிலையமொன்றின் சேவை

கொழும்பில் ஜப்பானியக் கார் நிறுவனமொன்றின் முகவர் நிலையத்தில், என் காரின் முன் இடப்பக்க ஆசனத்துக்கு அடியிலிருந்த எயார்பேக் சென்சரை ரீகோல் முறையில், அதாவது உற்பத்திக் குறையுள்ள கார்களை நிறுவனமே திருப்பி அழைத்துச் சரிசெய்யும் முறையில், இலவசமாக மாற்றித் தந்தார்கள். பட்டறையில் நடந்த வேலையைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பட்டறைக்குள் காரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் உரிமையாளர் படுகிற அலைச்சலும், அவருக்குச் சொல்லப்படுகிற சாக்குப்போக்குகளும், உயிர்காக்கும் கருவி ஒன்றைப் பற்றிய விடயத்தில் பொறுத்துக்கொள்ளத் தக்கவை அல்ல. நிறுவனத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. வேறு முகவர் நிலையங்களுக்குப் போய்வந்த நண்பர்களும் ஏறத்தாழ இதே கதையைச் சொல்வதால், இதை ஒரே இடத்தின் குறையாக நான் கருதவில்லை.

முதலில் அந்தச் சென்சர் என்ன செய்கிறது என்பதைச் சொல்ல வேண்டும், ஏனெனில் சேவை நிலையத்தின் முன் மேசையில் இருப்பவர்களில் சிலருக்கே இது தெளிவாகத் தெரிந்திருக்கவில்லை. மோதல் நேர்ந்து ஏறத்தாழ ஒரு நொடியின் முப்பதில் ஒரு பங்கு நேரத்துக்குள் எயார்பேக் முழுமையாக விரிந்துவிடும். ஆசனப்பட்டி அணிந்த பெரியவர் ஒருவரைக் காப்பாற்றுகிற அதே வேகம், முன் ஆசனத்தில் இருக்கும் சிறு குழந்தையின் கழுத்தை முறித்துவிடக் கூடியது. அமெரிக்காவில் 1990களில் குழந்தைகள் இவ்வாறு உயிரிழந்ததைத் தொடர்ந்தே, ஆசனத்தில் இருப்பவர் பெரியவரா, குழந்தையா, அல்லது ஆசனம் வெறுமையாக இருக்கிறதா என்று கண்டறிந்து எயார்பேக்கை இயக்கவோ நிறுத்தவோ செய்யும் அமைப்பு அங்கே சட்டத்தின் வழியாகப் படிப்படியாகக் கொண்டுவரப்பட்டது. சில கார்களில் ஆசன மெத்தைக்கு உள்ளே அழுத்தத்தை உணரும் விரிப்பு ஒன்று இருக்கும். வேறு சிலவற்றில் ஆசனம் தரையோடு பொருத்தப்படும் கால்களில் எடையை அளக்கும் சென்சர்கள் இருக்கும். எந்த வகையானாலும், அது தரும் தகவலை வைத்தே எயார்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டி முடிவெடுக்கிறது.

இந்தச் சென்சர் பழுதடையும்போது ஆபத்து இரண்டு திசைகளிலும் வரும். 2023 டிசெம்பரில் டொயோட்டா நிறுவனம் உலகளவில் சுமார் 11 இலட்சத்து 20 ஆயிரம் வாகனங்களைத் திருப்பி அழைத்தது. சென்சர்கள் முறையாக உற்பத்தி செய்யப்படாததால் உள்ளே மின்குறுக்குச் சுற்று ஏற்பட்டு, விரிய வேண்டிய நேரத்தில் எயார்பேக் விரியாமல் போகலாம் என்பதே அதற்குக் காரணம். இரண்டு மாதங்களுக்குள், 2024 பெப்ரவரியில், ஹொண்டா நிறுவனம் அமெரிக்காவில் சுமார் ஏழரை இலட்சம் வாகனங்களைத் திருப்பி அழைத்தது. அங்கே நேர்மாறான ஆபத்து: எடைச் சென்சரிலுள்ள மின்தேக்கி ஒன்றில் விரிசல் விழுந்து குறுக்குச் சுற்று ஏற்பட்டால், குழந்தை இருக்கும்போது அடங்கியிருக்க வேண்டிய எயார்பேக் விரிந்துவிடக்கூடும். அதன் காரணத்தை வாசித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. உதிரிப்பாகம் வழங்கும் நிறுவனத்துக்குப் பொருள் வழங்கும் இன்னொரு தொழிற்சாலை இயற்கை அனர்த்தத்தால் பாதிக்கப்பட்டதால், மின்சுற்றுப் பலகையின் அடிப்பொருளைத் தற்காலிகமாக மாற்றியிருக்கிறார்கள். அந்த மாற்றத்தைப் போதிய அளவு சோதிக்கவில்லை. எங்கோ ஒரு மூலையில் விடப்பட்ட அந்தச் சோதனையின் விலையை, காரில் குழந்தையை ஏற்றிச் செல்லும் பெற்றோர் சுமக்க வேண்டியிருக்கிறது.

என் காரில் பழுது முதல் வகையைச் சேர்ந்தது. என் அம்மா முன் ஆசனத்தில் அமர்ந்து ஆசனப்பட்டியைப் போட்ட பிறகும், டாஷ்போர்டின் நடுவில் பயணியின் எயார்பேக் நிறுத்தப்பட்டிருப்பதாகக் காட்டும் செம்மஞ்சள் விளக்கு அணையாமல் எரிந்தது. கொழும்பின் காலி வீதியில் நண்பகல் வெயில் கண்ணாடி வழியாக அடிக்கும்போது அந்தச் சிறிய விளக்கு கண்ணுக்கே தெரியாது. மாலை இருட்டிய பிறகுதான் அது எரிவது தெரியும். அம்மா மெலிந்த உடல்வாகு கொண்டவர் என்றாலும் சிறுபிள்ளையின் எடை உடையவர் அல்லர்.

முகவர் நிலையத்துக்கு எடுத்துச் சென்றபோது, சேவை ஆலோசகர் மிகுந்த மரியாதையோடு தேநீர் தந்து உபசரித்துவிட்டு, ஸ்கேனரைப் பொருத்திப் பார்த்தார். பழுதுக் குறியீடு எதுவும் பதிவாகவில்லை என்றும், அம்மா ஆசனத்தின் விளிம்பில் அமர்ந்திருப்பார் என்றும், நிமிர்ந்து நன்றாகச் சாய்ந்து உட்காரச் சொல்லும்படியும் கூறினார். அடுத்த முறை நானே அந்த ஆசனத்தில் அமர்ந்து விளக்கு எரிவதைப் படமெடுத்துக்கொண்டு போனேன். அப்போது, கைத்தொலைபேசியை மடியில் வைத்திருந்தீர்களா என்று கேட்டார்கள். பிறகு, விளக்கு எரியும் நேரத்திலேயே காரைக் கொண்டுவரச் சொன்னார்கள். வெள்ளவத்தையில் எரியும் விளக்கை, கொள்ளுப்பிட்டி நெரிசலைத் தாண்டி அவர்களுடைய வாசல் வரை எரிய வைத்துக் கொண்டுபோக எந்த உரிமையாளரால் முடியும்?

இந்தப் பதில்கள் கொழும்பில் பிறந்தவை அல்ல. நிசான் நிறுவனம் இதே வகைப் பழுதுக்காக 2014இல் அமெரிக்காவில் ஏறத்தாழ பத்து இலட்சம் வாகனங்களைத் திருப்பி அழைத்து மென்பொருளை மாற்றியது. ஆனால் 2016இல் மறுபடியும் முப்பது இலட்சத்துக்கு மேற்பட்ட வாகனங்களைத் திருப்பி அழைக்க நேர்ந்தது. இயந்திரம் நின்ற நிலையில் ஓடும்போது எழும் அதிர்வும், வழமைக்கு மாறாக உட்காரும் விதமும் சென்சரைக் குழப்பிவிடுகின்றன என்பது அப்போது தரப்பட்ட விளக்கங்களில் ஒன்று. மனிதர்கள் காரில் ஒரு பக்கம் சரிந்தும், காலை மடக்கியும், மடியில் பையை வைத்தும்தான் உட்காருவார்கள். அவ்வாறு உட்காருபவரைப் பெரியவர் என்று கண்டுகொள்ளாத கருவியின் குறையை உட்கார்ந்தவரின் குறையாக மாற்றிச் சொல்வதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

திருப்பம் ஒரு மூத்த தொழில்நுட்பவியலாளரால் வந்தது. அவர் காரின் செசி இலக்கத்தை உற்பத்தி நிறுவனத்தின் கணினியில் இட்டுப் பார்த்தார். ரீகோல் ஒன்று நிறைவேற்றப்படாமல் திறந்தபடி இருந்தது. அதாவது, நான் முதன்முறை போன நாளிலேயே அந்தப் பதிவு அங்கே இருந்திருக்கிறது. வரவேற்பு மேசையில் செசி இலக்கத்தைத் தட்டிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். காரைக் கழுவ வேண்டுமா, எண்ணெய் மாற்ற வேண்டுமா என்று கேட்பதற்கு முன்னர் அதைச் செய்வதை வழக்கமாக்காத வரையில், அந்த நிலையத்தின் சேவையைச் சிறந்தது என்று என்னால் சொல்ல முடியாது.

எனக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று கேட்டேன். கடிதம் முதல் உரிமையாளரின் முகவரிக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். இது நம் நாட்டுக்கே உரிய சிக்கல். கைமாறுகிற கார்களில் எத்தனையோ, உரிமை மாற்றப் பத்திரத்தில் விற்றவரின் கையொப்பம் மட்டும் இடப்பட்டு, ஓப்பன் பேப்பரில் இரண்டு மூன்று பேரைக் கடந்து போகின்றன. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவில் ஒருவர் பெயர் இருக்கும், காரை ஓட்டுபவர் வேறொருவராக இருப்பார். நான் என் பெயருக்கு முறைப்படி மாற்றிய பிறகும், முகவர் நிலையத்தின் பதிவேட்டில் முதல் உரிமையாளரின் பெயரே இருந்தது. அங்கே பலமுறை காசு கட்டிச் சேவை செய்துகொண்ட என் தொலைபேசி இலக்கத்துக்குச் சேவைக் காலம் வந்துவிட்டதென்று குறுஞ்செய்தி தவறாமல் வருகிறது. ரீகோல் பற்றிய ஒரு வரியை அதே இலக்கத்துக்கு அனுப்ப முடியாமல் போனதற்கு எந்த விளக்கமும் இல்லை.

பிறகு உதிரிப்பாகத்துக்கான காத்திருப்பு. வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய பொருள் தாமதமாவதை நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் அந்த இடைக்காலத்தில் முன் ஆசனத்தில் ஆள் இருக்கலாமா என்ற என் நேரடிக் கேள்விக்கு எழுத்தில் பதில் தர யாரும் முன்வரவில்லை. பார்த்துச் சமாளிக்கும்படி வாய்மொழியாகச் சொன்னார்கள். விளக்கு எரியும்போது எயார்பேக் இல்லை என்றே கருதி, பயணியைப் பின் ஆசனத்தில் ஆசனப்பட்டியோடு அமரச் செய்யுங்கள் என்று இரண்டு வரியில் எழுதித் தருவதில் என்ன தடை? அந்த வரிகள் தமிழிலும் சிங்களத்திலும் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். எனக்குத் தந்த தாள்கள் அனைத்தும் ஆங்கிலத்தில் இருந்தன. வெயில் மறைப்பானில் ஒட்டியிருக்கும் குழந்தைப் பாதுகாப்பு எச்சரிக்கையும் ஆங்கிலத்திலேயே இருக்கிறது. முன் ஆசனத்தில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போவது இந்த நகரத்தில் நாள்தோறும் காணும் காட்சி. அவ்வாறு செய்யும் பாட்டிமாருக்கு அந்த எச்சரிக்கை ஒருபோதும் போய்ச் சேர்வதில்லை.

வேலை நடந்த நாளைப் பற்றி மனமாரப் பாராட்டி எழுதலாம். கேட்டதும் என்னைப் பட்டறைக்குள் நின்று பார்க்க அனுமதித்தார்கள். தொழில்நுட்பவியலாளர் முதலில் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டுச் சில நிமிடங்கள் எதையும் தொடாமல் காத்திருந்தார். எயார்பேக் பெட்டியில் தேங்கியிருக்கும் மின்சாரம் முற்றாக வடிய வேண்டும் என்பதால் அவ்வாறு செய்வதாக விளக்கினார். அதன்பின் ஆசனத்தின் நான்கு ஆணிகளையும் கழற்றி, அடியில் இருந்த மஞ்சள் நிற இணைப்பிகளை ஒவ்வொன்றாக விடுவித்து, ஆசனத்தைத் துணி விரித்த மேசைமேல் கவிழ்த்து வைத்தார். அப்போது அவர் காட்டிய ஒன்றைக் கொழும்பில் கார் வைத்திருக்கும் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். முந்தைய உரிமையாளர் குஷன் கடையில் போட்டிருந்த தோல் உறையின் கட்டுக்கம்பி, சென்சரின் வயரோடு சேர்த்து ஆசனத் தண்டவாளத்தில் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. வயரின் மேலுறை அந்த இடத்தில் நசுங்கி வெளுத்திருந்தது. நம் ஊரில் கார் வாங்கிய கையோடு சீற் கவர் போடாதவர் அரிது. அந்தத் தடித்த உறையும், அதன்மேல் போடும் மணிப்பாயும், எடையையும் அழுத்தத்தையும் அளக்கும் ஒரு கருவியைத் தடுமாற வைக்கும் என்பதைப் போடும் கடைக்காரரும் சொல்வதில்லை, விற்கும் நிறுவனமும் வலியுறுத்துவதில்லை.

புதிய சென்சரைப் பூட்டிய பிறகு ஆணிகளை அளவு காட்டும் சாவியால் முறுக்கினார். ஆசனம் வெறுமையாக இருக்கும்போது கணினி வழியாகப் பூச்சியத்துக்கு அளவுதிருத்தம் செய்தார். பிறகு நிறை தெரிந்த எடைகளை வைத்துப் பார்த்து, கடைசியில் பட்டறையிலிருந்த மெலிந்த இளைஞர் ஒருவரை நேராகவும் சரிந்தும் உட்காரச் சொல்லிச் சோதித்தார். விளக்கு உடனே அணைந்தது. இந்த அளவுதிருத்தம்தான் வேலையின் உயிர்நாடி. பூட்டிவிட்டு விடுகிற வேலை அல்ல இது.

அதனால்தான் பழைய உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் மலிவாக முடித்துக்கொள்ளலாம் என்ற அறிவுரையை நான் ஏற்கவில்லை. ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி இறக்கப்படும் கார்களின் ஆசனங்கள் அங்கே கிடைக்கின்றன. ஆனால் விபத்துக்குள்ளான காரிலிருந்து கழற்றிய சென்சர் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்வையால் சொல்ல முடியாது. அதைவிட மோசமானது, சென்சரின் இடத்தில் ஒரு சிறு மின்தடையைப் பொருத்தி, ஆசனத்தில் எப்போதும் பெரியவர் இருப்பதாகக் கணினியை நம்பவைக்கும் வேலை. சில கராஜ்களில் இதை வழமையான பழுதுபார்ப்பாகவே செய்து கொடுக்கிறார்கள். விளக்கு அணைந்துவிடும், உரிமையாளரும் மகிழ்ந்துவிடுவார். பிறகு அதே ஆசனத்தில் குழந்தை அமரும்போது எயார்பேக்கைத் தடுக்க எதுவும் இருக்காது. பழைய கார் வாங்குபவர்கள், சாவியைத் திருப்பியதும் எயார்பேக் எச்சரிக்கை விளக்கு சில நொடிகள் எரிந்து பின்னர் அணைகிறதா என்று பாருங்கள். எரியவே இல்லையென்றால், யாரோ அந்த விளக்கையே துண்டித்திருக்கக்கூடும்.

காத்திருப்போர் அறையில் என் பக்கத்தில் இருந்தவர் றீகண்டிஷன் கார் வைத்திருந்தார். அதே நிறுவனத்தின் கார், ஜப்பானில் ஓடிப் பிறகு இங்கே இறக்கப்பட்டது. அவருடைய முறைப்பாட்டை அந்த நிலையம் ஏற்கவே இல்லை. தாங்கள் விற்ற வாகனம் அல்ல என்று அனுப்பிவிட்டார்கள். இதுவே இந்த விமர்சனத்தில் நான் மிக அழுத்தமாகச் சொல்ல விரும்பும் குறை, ஏனெனில் கொழும்பு வீதிகளில் ஓடும் ஜப்பானியக் கார்களில் பெரும் பங்கு இவ்வாறு வந்தவையே. அவர் தானாகத் தேடிப் பார்க்கவும் வழி எளிதல்ல. அமெரிக்க அரசின் ரீகோல் தேடல் பக்கம் 17 எழுத்தும் எண்ணும் கொண்ட அடையாள இலக்கத்தைக் கேட்கிறது. ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக் கார்களுக்கு அப்படியொரு இலக்கம் இல்லை. மாதிரிக் குறியீடு, ஒரு சிறு கோடு, பின்னர் தொடர் இலக்கம் என்ற அமைப்பே இருக்கும். அதை ஏற்கும் தேடல் பக்கங்கள் ஜப்பானிய நிறுவனங்களின் உள்நாட்டுத் தளங்களில் உள்ளன, ஆனால் அவை ஜப்பானிய மொழியில் இருக்கின்றன. உலாவியின் மொழிபெயர்ப்பைப் பயன்படுத்தி நாங்கள் இருவரும் அங்கேயே இருந்து அவருடைய இலக்கத்தை இட்டுப் பார்த்தோம்; நிறைவேற்றப்படாத ரீகோல் இருப்பதாக வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு இந்த நகரத்தில் எந்தக் கதவைத் தட்டுவது என்று அவர் கேட்டபோது, மேசைக்கு அப்பால் இருந்தவர்களிடம் பதில் இருக்கவில்லை.

எயார்பேக் ரீகோல் என்றவுடன் பலர் டகாட்டா என்ற ஜப்பானிய எயார்பேக் தயாரிப்பு நிறுவனத்தின் விவகாரத்தோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது எயார்பேக்கை ஊதும் கருவியைப் பற்றியது. அமோனியம் நைத்திரேற்று அடங்கிய அந்தக் கருவி நீண்டகால வெப்பத்தாலும் ஈரப்பதத்தாலும் சிதைந்து, வெடிக்கும்போது உலோகத் துண்டுகளைப் பயணிமேல் எறியக் கூடியது. உலகமெங்கும் கோடிக்கணக்கில் அவற்றைத் திருப்பி அழைக்க நேர்ந்தது. அந்த நிறுவனம் 2017இல் வங்குரோத்து நிலையை அறிவித்தது. கொழும்பைப் போன்ற ஈரமும் வெப்பமும் மிகுந்த ஊருக்கு அது மிகக் கொடிய ஆபத்து. ஆனால் அந்த வேலை முடிந்துவிட்டதால் சென்சரும் சரியாகிவிட்டது என்று பொருளல்ல. இரண்டும் தனித்தனி ரீகோல்கள். இரண்டையும் தனித்தனியாகப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

அந்த விவகாரத்தில் மற்ற நாடுகள் எடுத்த நடவடிக்கை நமக்கும் பொருந்தும். ஜப்பானில் 2018 மே மாதம் முதல், ஆபத்து மிகுந்த டகாட்டா கருவிகளை மாற்றாத கார்கள் கட்டாய வாகனப் பரிசோதனையில் தேற முடியாதபடி செய்தார்கள். அவுஸ்திரேலிய அரசு அதே ஆண்டில் ரீகோலைக் கட்டாயமாக்கி, சுமார் முப்பது இலட்சம் வாகனங்களை அதற்குள் கொண்டுவந்தது. இங்கே ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கக் காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் கேட்கிறார்கள்; செசி இலக்கத்துக்குத் திறந்த ரீகோல் இருக்கிறதா என்று பார்ப்பதை அந்த இடத்தில் சேர்ப்பது பெரிய காரியமல்ல. 2020 மார்ச் முதல் 2025 பெப்ரவரி வரை கார் இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்ததால், நம் கைகளில் இருப்பவை பெரும்பாலும் வயதேறிய கார்கள். அவற்றில் சில 2016 மே மாத வெள்ளத்தில் களனி ஆற்றோரப் பகுதிகளில் ஆசனம் வரை நனைந்தவை. ஆசனத்தின் கீழுள்ள இணைப்பிகளில் பச்சை பூத்த நிலையில் எத்தனை கார்கள் ஓடுகின்றன என்பதை எண்ணிப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது.

இறுதியாக, வேலை முடிந்து தந்த தாளில் ரீகோல் வேலை நிறைவேற்றப்பட்டது என்ற ஒரே வரி இருந்தது. எந்தப் பாகம் மாற்றப்பட்டது, அதன் இலக்கம் என்ன, அளவுதிருத்தம் செய்யப்பட்டதா என்பவை எழுதப்படவில்லை. முகாமையாளரிடம் வலியுறுத்திக் கேட்ட பின்னரே அவற்றை எழுதி முத்திரையிட்டுத் தந்தார்கள். காரை விற்கும்போதும், விபத்துக்குப் பின் காப்புறுதி நிறுவனத்தோடு பேசும்போதும் அந்தத் தாள் தேவைப்படும். வாங்காமல் வெளியே வரக் கூடாது.

பட்டறைக்கு ஐந்தில் நான்கரை தருவேன். முன் மேசைக்கும் தகவல் தருவதற்கும் ஒன்றுக்கு மேல் தர மனம் வரவில்லை. போகவிருப்பவர்கள் பதிவுப் புத்தகத்தின் பிரதியையும் செசி இலக்கத்தின் படத்தையும் எடுத்துக்கொண்டு, சீற் கவரைக் கழற்றிவிட்டுப் போங்கள். சேவைக்கு முன்பதிவு செய்யும்போதே திறந்த ரீகோல் இருக்கிறதா என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் பெறுங்கள். றீகண்டிஷன் கார்களுக்கும் இந்தச் சென்சரை மாற்றித் தருவார்களா, தருவதானால் காசு யார் கட்டுவது என்று நான் முகாமையாளருக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். மேலிடத்துக்கு அனுப்பியிருப்பதாக மட்டும் பதில் வந்திருக்கிறது.